அப்புவை வயலுக்குப் போகாமல் நிறுத்துவது எப்படி?

05.01.2025 (கேள்வி)

எங்கள் அப்புவுக்கு 84 வயது. கிளிநொச்சி முரசுமோட்டையில் மாமா குடும்பத்தோடு இருக்கிறார். விடியற்காலையில் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். இரண்டு ஏக்கரையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் ஓய்வாக இருக்கும்படி ரொறன்ரோவிலிருந்து நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். மாதச் செலவுக்குப் பணம் அனுப்புகிறோம். அவருக்கு ஒரு குறையும் இல்லை. போன மாதம் சைக்கிளைப் பூட்டித் திறப்பை மாமா ஒளித்து வைத்தபோது நடந்தே போயிருக்கிறார். இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? வன்னியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

07.01.2025

நிறுத்த வேண்டாம். சைக்கிள் திறப்பை இன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதை நான் யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. என் அம்மாவுக்கு 93 வயது. முள்ளியவளையில் என்னோடுதான் இருக்கிறார். 2016இல் நான் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்று முழு நேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கியதும் செய்த முதற்காரியம், அம்மாவின் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பறித்ததுதான். கிணற்றடிக்குப் போகாதேங்கோ, வழுக்கும். அடுப்படிக்குப் போகாதேங்கோ, புகை. தோட்டத்துக்குள் இறங்காதேங்கோ, பாம்பு கிடக்கும். "நீங்கள் பட்டது போதும், சும்மா இருங்கோ அம்மா" என்று நாளொன்றுக்குப் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து, கணவனைப் பறிகொடுத்து, கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு இடம் இடமாக ஓடிய ஒருவரைக் கடைசியில் ஒரு சாய்மனைக் கதிரையில் இருத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒன்றரை ஆண்டுக்குள் அம்மா கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டதா, குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, பேத்தி படிக்கிற பாடத்தின் பெயர் என்ன என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தவர், முன்விறாந்தையில் இருந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். நாங்கள் அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டோம்.

அதிலிருந்து அவர் எப்படி மீண்டார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். உங்கள் அப்பு இன்னும் அந்தக் கதிரைக்குப் போகவில்லை. அவரைக் கொண்டுபோய் அதில் இருத்துவதற்குத்தான் நீங்கள் வழி கேட்கிறீர்கள், பிள்ளை.

08.01.2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 93 என்பது அடையாள அட்டையின் கணக்கு. பிறப்புப் பத்திரம் 2009 போரில் மாத்தளன் பக்கம் கைவிட்ட பையோடு போய்விட்டது; அட்டையில் பதிந்த ஆண்டும் ஊகம்தான் என்கிறார் அம்மா. அவருடைய கணக்கு வேறு. 1942 சித்திரையில் யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான் என்று செய்தி வந்து ஊர் கலங்கியபோது அவர் ஆடு மேய்க்கிற பிள்ளை. 1964 மார்கழிச் சூறாவளியில் எங்கள் கிடுகுக் கூரை பறந்தபோது என் மூன்றாவது தம்பி அவருடைய மடியில் இருந்தான். எனக்கு 8 வயது, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 92க்கும் 95க்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

11.01.2025

பாம்பும் யானையும் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கின்றன. முத்திரைப் புடையன் வரம்பில் கிடக்கும். காட்டோரத்து வயல்களில் யானை வரும். ஆனால் அவை 84 வயதுக்காரரை மட்டும் தேடி வருவதில்லை. இருட்டில் தனியே தண்ணீர் கட்டப் போவதை 30 வயதுக்காரனும் செய்யக்கூடாது. அப்புவோடு யாரையாவது சேர்த்து அனுப்புங்கள், முழங்கால் வரை மூடும் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், நல்ல ரோச் லைற் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆபத்தைக் குறைப்பதற்கு இப்படி எத்தனையோ வழி இருக்க, எல்லாவற்றுக்கும் முதல் ஆளை நிறுத்துவதுதான் நமக்குத் தோன்றுகிறது.

02.02.2025

அம்மாவின் கதையைத் தொடர்கிறேன்.

2018இல், அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்றே நாங்கள் முடிவு செய்திருந்தோம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்களை மாறி மாறிச் சொன்னார், கையில் கொடுத்ததைத் தடவிப் பார்த்தார். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றோம். அங்கே இருந்தவர் ஒழுங்காகப் பார்க்காமலே, "வயது போனால் இப்படித்தான். இனி என்ன, ஊசியில நூல் கோக்கப் போறாவோ?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வாங்கில் இருந்தார். நானும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து வந்தேன். அந்த இடத்தில் பேசாமல் வந்தது இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

ஆறு மாதத்தின் பின், என்னிடம் படித்து இப்போது தாதியாக வேலை செய்யும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தபோது, அம்மாவுக்கு முன்னால் குந்தியிருந்து கையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "சேர், அம்மம்மாவுக்குக் கண் தெரியவில்லை. மறதி எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள். இரண்டு கண்ணிலும் கண்புரை முற்றியிருந்தது. காது இரண்டிலும் குறும்பி கல்லாக இறுகியிருந்தது. வேறொரு மருத்துவமனையில் முதலில் காதைச் சுத்தம் செய்தார்கள். பிறகு வலக்கண்ணில் வில்லை மாற்றினார்கள். நான்கு மாதம் கழித்து இடக்கண்.

வலக்கண்ணின் கட்டு அவிழ்த்த அன்று அம்மா முதலில் தன்னுடைய புறங்கையைத்தான் பார்த்தார். நரம்புகளை மற்றக் கையின் விரலால் தொட்டுத் தொட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போய், அடுப்புக்கு மேலே தட்டில் இருந்த விதைப் போத்தல்களை இறக்கினார். பதினொரு போத்தல். ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளங்கையில் கொட்டி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கதிரையில் இருந்த காலத்தில், புடோல் விதை வைத்திருந்த போத்தலுக்குள் நான் பாகல் விதையையும் கொட்டி வைத்திருந்தேன். "இது ஆர் செய்த வேலை?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதற்கேள்வி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைக் கணக்கெடுத்து, அவை அனைத்தையும் சரிசெய்தால் நோயாளர் தொகையில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்கிறது. கேள்திறன் இழப்பும், திருத்தப்படாத பார்வைக் குறைவும், தனிமையும், உடலசைவின்மையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அம்மாவுக்கு இருந்தது நோயே அல்ல. ஆனால் அந்த நான்கையும் ஒரே வீட்டில் ஒரே ஆளுக்கு நாங்கள் சேர்த்துக் கொடுத்திருந்தோம். கண்ணும் காதும் அடைந்து போன ஒருவரிடம் ஆர்வம் இல்லை என்று குறை சொல்வதற்கு முன், உலகம் அவருக்குள் நுழைவதற்கு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

05.02.2025

"உங்கள் அம்மா ஒருவர், வேறு எடுத்துக்காட்டு உண்டா" என்ற கேள்விக்கு.

உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல். கிழமை தவறாமல் எழுதினார். 1942 சித்திரையில் அவர் மறைந்தபோது அந்தத் தொடர் முற்றுப்பெறாமல் நின்றது. யப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை வெறுமையாகிக்கொண்டிருந்த அந்த நாள்களில், அவரும் வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போய், அங்கேதான் உயிர் நீத்தார். அம்மா ஆட்டுக்குட்டியோடு கலங்கி நின்ற அதே மாதம், அதே யுத்தம். இடம்பெயர்ந்த முதியவர் என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் என்ற மூதாட்டி, நூறு வயதைக் கடந்த பின்னும் இயற்கை முறையில் தோட்டம் செய்து, 2021இல் பத்மஶ்ரீ விருது பெற்றார். 2024 புரட்டாசியில் காலமானார்.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பௌஜா சிங், மகன் ஒருவன் விபத்தில் இறந்த துயரத்துக்குப் பிறகே ஓட்டத்தில் இறங்கி, 89 வயதில் முதல் மரதன் ஓடினார். 2011இல் ரொறன்ரோ மரதனை 100 வயதில் ஓடி முடித்தார். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை. அதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "அவரின்ரை பையும் எங்கையோ விடுபட்டிருக்கும்" என்றார்.

23.02.2025

அரிவி வெட்டு முடிந்து இன்றைக்குத்தான் மூச்சு விட நேரம் கிடைத்தது. இதற்கிடையில் ஒருவர் எழுதியிருக்கும் மறுப்பைப் பத்துத் தரம் வாசித்தேன். "மாஸ்ரருக்கு ஓய்வூதியம் வருகிறது. வன்னியில் 75 வயதில் வேலை செய்கிற கிழவிகள் ஆர்வத்தில் வேலை செய்யவில்லை. அரிசி வாங்கச் செய்கிறார்கள். அதை நீங்கள் அழகாக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறார்.

அவர் சொல்வது சரி. இதை ஒத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரு கதை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முதியோர் சங்கக் கூட்டம் ஒன்றில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்த, 76 வயதுடைய ஓர் ஆச்சி முன்வரிசையில் இருந்தார். மகளும் மருமகனும் 2009இல் போய்விட்டார்கள். இரண்டு பேரப்பிள்ளைகளை அவர்தான் வளர்த்தார். விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, ஆறு மணிக்கு முதல் நான்கு கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு கச்சான் காணிக்குப் புல்லுப் பிடுங்கப் போவார். நான் என் பேச்சில் அவரைச் சுட்டிக்காட்டி, முதுமையிலும் ஓயாத உழைப்புக்கு இவரைப் பாருங்கள் என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது அவர் என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல், "மாஸ்ரர், ஒரு நாளைக்கு ஆரும் எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தால், அண்டைக்கு நான் சும்மா இருப்பன்" என்றார்.

என் அம்மாவை வாட வைத்த அதே "சும்மா", அந்த ஆச்சிக்குக் கிடைக்காத வரம். ஒரே சொல்லை இரண்டு வீட்டுக்கும் ஒரே பொருளில் வைத்து நான் தை மாதம் முழுவதும் எழுதியிருக்கிறேன். "வேலை கொடுங்கள், ஆர்வம் வரும்" என்பது என் அம்மாவுக்குப் பொருந்தியது. அந்த ஆச்சிக்கு வேலை குறைந்தால்தான் ஆர்வம் எட்டிப் பார்க்கவே இடம் இருக்கும். அவருக்கு என்ன விருப்பம் என்று அன்றைக்கே கேட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும் என்றார். பேரனின் பாடசாலை அறிக்கையைப் பேரனே வாசித்துக் காட்டுகிறானாம். அவன் சொல்வது உண்மைதானா என்று தெரிய வேண்டுமாம்.

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, வாழ்நாளெல்லாம் கோயில்களைக் கூட்டித் துடைத்தவர், 2018இல் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 புள்ளி எடுத்தார். அதற்குப் பின்னால் அந்த மாநிலத்தின் எழுத்தறிவு இயக்கம் முழுவதும் நின்றது. வீடு தேடி வந்து கற்பித்தார்கள். நம்முடைய ஆச்சியின் வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை. நான் மூன்று மாதம் போனேன். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

24.02.2025

நேற்றைய குறிப்பை எழுதிய பின் நித்திரை வரவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஆச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். பேரன் இப்போது கட்டட வேலைக்குப் போகிறான். இடியப்பம் இரண்டு கடைக்கு மட்டும். நான் முன்பு கொடுத்த அரிச்சுவடியைப் பொலித்தீனில் சுற்றித் தட்டில் வைத்திருந்தார். 'ழ'வில் நிற்கிறாராம்.

இனி ஞாயிறு தோறும் போவேன்.

18.03.2025

அம்மா விழுந்துவிட்டார். போன செவ்வாய், கிணற்றடியில். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கண்டல், இடக்கை வீக்கம். "அப்ப நாங்கள் சொன்னது சரிதானே" என்று தம்பி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கத்தினான். அன்றிரவு நானும் அவன் பக்கம்தான் நின்றேன். வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே நான் எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று நாள் கழித்து யோசித்தபோது விளங்கியது. அம்மா விழுந்தது வேலை செய்ததால் அல்ல. தையிலும் மாசியிலும் நான் வெட்டு, சூடடிப்பு என்று வயலில் நின்றபோது அவர் பெரும்பாலும் இருந்தபடியே இருந்தார், கால் தளர்ந்துவிட்டது. 1990இல் பொஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதையொட்டிய, உடல் நலிந்த சிலருக்கு எட்டு வாரம் காலுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பிருந்ததைப்போல் இரண்டே முக்கால் மடங்கு. அந்த வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது என்று தெரிந்தபின் "இனி எதற்கு" என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் கிழமையில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். கை வைத்த கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையூன்றாமல் எழும்பி இருக்கச் சொல்கிறோம். முதல் நாள் இரண்டு தரம். இன்றைக்கு ஐந்து. அடுப்படிக் கட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். பூட்டப்பிள்ளை பக்கத்தில் நின்று எண்ணுகிறாள். கிணற்றடிப் பாசியை நான் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதை 2016இலேயே செய்திருக்க வேண்டும். வாளியை மீண்டும் வெளியே வைத்துவிட்டேன். பாதியளவுதான் அள்ளுவது என்பது எங்கள் உடன்பாடு.

04.05.2025

கேள்வி கேட்ட பிள்ளையிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. திறப்பு அப்புவின் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. முன்பெல்லாம் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ, மருந்து எடுத்தீங்களோ" என்று கேட்டால் "ஓம், ஓம்" என்று சொல்லி அப்பு மாமாவிடம் கொடுத்துவிடுவாராம். இப்போது, இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், சிறுபோகத்துக்கு இந்த முறை எவ்வளவு காணிக்குத் தண்ணீர் பங்கிட்டார்கள், என்ன நெல்லு விதைக்கிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை நாற்பது நிமிடம் கதைத்தாராம்.

இரணைமடுத் தண்ணீர் பற்றி எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடியபோது, எங்கள் உறவினர் ஒருவர் தாழ்வான இடத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அத்திவாரம் வெட்டும்போதே பக்கத்து வளவுப் பெரியவர், "இதால முந்தி ஆறு திரும்பினது" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கு வயது 81. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சீமெந்து குழைத்தார்கள். அவர் மூளையில் இருந்த அந்தப் பழைய ஆற்றின் வரைபடத்தை யாரும் ஒரு தாளிலாவது வரைந்து வாங்கவில்லை. அவர் இப்போது இல்லை.

12.06.2025

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து வந்த களைப்பில் எழுதுகிறேன்.

பங்குனியில் அம்மாவைப் பார்க்க வந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 88 வயது. கோவலன் கூத்து ஆடுவித்த அண்ணாவியார். முல்லை மோடி என்று நாங்கள் சொல்லும் இந்தப் பக்கத்துப் பாணியில் பழகியவர். அவருடைய கூத்துக் கொப்பி இடப்பெயர்வில் போனது. அதோடு கூத்தும் போய்விட்டது என்றே பத்தாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்திரையில் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு ஒரு வரவுப்பாட்டு வேண்டும் என்று அவரிடம் வந்தார். முதல் நாள் நான்கு வரி சொன்னார். நடுவில் ஒரு வரி விடுபட்டது. மன்னிப்புக் கேட்டாராம். இரண்டாம் கிழமை ஆசிரியை மத்தளம் தெரிந்த ஒரு பெடியனைக் கூட்டி வந்தார். தாளம் விழுந்ததும் விடுபட்ட வரி தானாக வந்து விழுந்தது; அதன் பின்னால் அடுத்த பாட்டு. நான் அங்கே இருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, வலது பெருவிரலால் தொடையில் தட்டியபடி பாடினார்; வரி முடிகிற இடத்தில் குதிக்கால் தன்பாட்டில் எழும்பியது. இப்போது ஒவ்வொரு வியாழனும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முற்றத்தில் பாய் விரித்து வைத்திருக்கிறார். புதன் இரவு நித்திரை வருவதில்லையாம், பாட்டு ஓடிக்கொண்டிருக்குமாம்.

பத்தாண்டு அந்தப் பாட்டு எங்கே இருந்தது? அவருக்குள்தான். கேட்க ஆளில்லை.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இந்த நாட்டில் 2000ஆம் ஆண்டே வந்துவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 60 வயதும் அதற்கு மேலுமானோர் 12.4 சதவீதம், அதற்குப் பிறகு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. சங்கக் கூட்டங்களில் அவர்களை வரிசையாக இருத்தி நாங்கள் பேசுகிறோம், அவர்கள் கேட்கிறார்கள். ஒரு கூட்டத்தையாவது மறுபக்கமாகத் திருப்பிப் பார்க்கலாம் என்று எங்கள் சங்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

17.07.2025

மாசியில் நான் எழுதிய பௌஜா சிங் இறந்துவிட்டார். திங்கட்கிழமை, தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில், வீதியில் வாகனம் மோதி. வயது 114 என்கிறார்கள். நோயில் படுக்கவில்லை, நடந்துகொண்டிருந்தவரை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மாவுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடிச்சவன் நிண்டவனோ?" என்று கேட்டார். இல்லை, பிறகுதான் பிடித்தார்கள் என்றேன்.

இதைக் காட்டி யாராவது "பார்த்தீர்களா, வெளியே விட்டதால்தான்" என்று எழுதுவீர்கள் என்று தெரியும். ஏ9 வீதி ஓரத்தில் நடக்கிற, சைக்கிள் ஓடுகிற முதியவர்கள் எத்தனை பேர்! மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் அந்த நேர்வீதியில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தி ஓடும்போது, ஓரத்தில் போகிற கிழவரின் வேட்டி காற்றில் பறப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதியவரை வீட்டுக்குள் பூட்டுவதற்குப் பதிலாக அந்த வேகத்தைப் பூட்டக் கேளுங்கள். அப்புவின் சைக்கிளுக்குப் பின்புறம் சிவப்புத் தெறிப்பான் ஒட்டச் சொல்லி மாமாவுக்கு எழுதுங்கள், பிள்ளை. மண்வெட்டிப் பிடியிலும் ஒன்று ஒட்டலாம்.

31.08.2025

ஆச்சி 'ழ'வைத் தாண்டிவிட்டார். கடைப் பலகைகளை வாசிக்கிறார். போன ஞாயிறு நான் போனபோது, அவரே எனக்குத் தேநீர் ஊற்றப் போனார், நான் விடவில்லை. அடுப்படியில் சீனி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நானே ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "சாயம் காணாது" என்றார்.

அம்மா இப்போது ஒரு பரிசோதனையில் இருக்கிறார். விதையைச் சாம்பல் கலந்து அடுப்புக்கு மேலே வைப்பது நல்லதா, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லதா என்று பேத்தியோடு வாதம். பயிற்றை விதையை இரண்டிலும் ஆறு மாதம் வைத்திருந்து, ஆடியில் ஒவ்வொன்றிலும் இருபது விதை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி, வெவ்வேறு சிரட்டையில் வைத்தார். நான்காம் நாள் அவிழ்த்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து, முளை வந்ததையும் வராததையும் சுளகில் பிரித்தார். சாம்பல் விதையில் பதினேழு, பெட்டியில் வைத்ததில் பதின்மூன்று. பேத்தி தோல்வியை ஒத்துக்கொண்டுவிட்டாள். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் வைத்த போத்தலின் மூடி இறுக்கமில்லை, உள்ளே ஈரம் போயிருக்கும், அதனால் இந்தக் கணக்குச் செல்லாது என்று சொல்லி, மூடியில் மெழுகு உருக்கி ஊற்றி மறுபடியும் வைத்திருக்கிறார். முடிவு தெரிய மாசியாகும்.

இதற்கிடையில் அவர் ஒரு விதை தேடுகிறார். 1990க்கு முன் எங்கள் வளவில் நின்ற, வெள்ளையில் ஊதா வரி விழுந்த குட்டைக் கத்தரி. காம்பில் முள் இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். மல்லாவி, துணுக்காய், நெடுங்கேணிப் பக்கங்களில் பழைய வளவுகளில் இன்னும் நிற்கக்கூடும் என்கிறார். யாரிடமாவது இருந்தால் இங்கே எழுதுங்கள். பத்து விதை போதும். புரட்டாசி கடைசிக்குள் கிடைத்தால் இந்த மழைக்கே நாற்றுப் போட்டுவிடுவார்.